ஜெயிக்கிற கட்சி

மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மொத்தம் 48 வீடுகள். ஒரு சம்ப், இரண்டு லிஃப்ட் (ஒன்று எப்போதும் ரிப்பேர்), ஒரு அசோசியேஷன். கொஞ்ச நாள் முன்பு செயலாளர் பதவிக்குத் தேர்தல் வந்தது. சம்பளம் இல்லாமல் திட்டு மட்டும் வாங்குகிற பதவி. அதற்கும் மூன்று பேர் போட்டி!

கீழ்த்தளத்தில் ரிட்டயர்ட் வங்கி மேனேஜர். மூன்றாவது மாடியில் ஷேர் பிசினஸ் செய்யும் இளைஞர். இரண்டாவது மாடியில் கணக்கு டீச்சர். டீச்சர் மட்டும்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். கையில் நாலு பக்க லிஸ்ட். தண்ணி லாரிக்கு மாசம் எவ்வளவு போகிறது, மழைநீர் சேகரிப்புக் குழியைத் தூர் வாரி எத்தனை வருஷம் ஆகிறது, வாட்ச்மேனுக்கு தீபாவளி போனஸ் எப்போது நின்றது... எல்லாம் கணக்கோடு. படித்துப் பார்த்துவிட்டு, "என் ஓட்டு உங்களுக்குத்தான் டீச்சர்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், நாலாவது மாடிக்காரர் தானும் நிற்பதாகச் சொன்னார். அரசாங்கத்தில் பெரிய இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கணீர் குரல். அவ்வளவுதான், காற்று மாறிவிட்டது. "அவரே வர்றார்னா அப்புறம் என்ன சார் போட்டி!" என்று லிஃப்ட்டில் பேச்சு. வங்கி மேனேஜர் அன்று மாலையே விலகினார். ஷேர் இளைஞர் மறுநாள் காலை இன்ஜினீயர் சாருடன் வாக்கிங் போனார். டீச்சர் மட்டும் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். வீட்டுக்கு ஒரு ஓட்டு, கை தூக்கிச் சொல்ல வேண்டும். இன்ஜினீயர் சாருக்கு 31 கை. டீச்சருக்கு 6. அந்த 31ல் ஒரு கை என்னுடையது.

மூன்று நாள் டீச்சர் கண்ணில் படாமல் படியில் ஏறி இறங்கினேன். நாலாவது நாள் வாசலில் மாட்டிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "எனக்குப் போடறேன்னு சொன்னவங்க பதினாலு பேர் சார். தூக்கினது ஆறு. யார் யார்னு நான் எண்ணலை. ஏன்னு மட்டும் தெரிஞ்சா அடுத்த தடவைக்கு உதவும். என் லிஸ்ட்ல என்ன தப்பு?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "பார்க்கலாம் டீச்சர்" என்று ஏதோ உளறிவிட்டு நழுவினேன். இந்த வாரக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. கொஞ்சம் சுற்றி வருவேன், கூடவே வாருங்கள்.

மந்தைவெளியிலிருந்து முதலில் பெசன்ட் நகர். அங்கே எலியட்ஸ் பீச்சில் ஒரு காலத்தில் பி.வி. கோபாலன் என்ற ஓய்வு பெற்ற அரசு அதிகாரி நண்பர்களோடு வாக்கிங் போவார். லீவுக்கு வந்த பேத்தியும் சில சமயம் கூட நடப்பாள். பேத்தி பெயர் கமலா. 2010ல் கலிஃபோர்னியாவில் ஒரு தேர்தலில் நின்றபோது, சித்தியிடம் சொல்லி பெசன்ட் நகர் வரசித்தி விநாயகர் கோயிலில் 108 தேங்காய் உடைக்கச் செய்தவர்.

2019 ஜனவரியில் கமலா ஹாரிஸ் அமெரிக்க ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடப்போவதாக அறிவித்தார். அங்கே நேராகப் போய் நின்றுவிட முடியாது. முதலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தலில் ஜெயிக்க வேண்டும். பிரைமரி என்பார்கள். மாநிலம் மாநிலமாக, மாதக்கணக்கில் நடக்கும். அந்த வருஷம் ஜனநாயகக் கட்சியில் திருவிழாக் கூட்டம். முதல் விவாதத்துக்கு இருபது பேர் வந்து, ஒரே மேடை போதாமல், பத்துப் பத்துப் பேராக இரண்டு ராத்திரி நடத்தினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் ஏப்ரல் 25ஆம் தேதி ஜோ பைடன் நுழைந்தார். எட்டு வருஷம் துணை ஜனாதிபதியாக இருந்தவர். கருத்துக்கணிப்புகளில் முதலிடம். அவர் நுழைந்ததால் மற்ற யாருடைய தகுதியாவது குறைந்ததா? இல்லை. முந்தின நாள் திறமைசாலியாக இருந்த செனட்டர் மறுநாளும் அதே திறமைசாலிதான். மாறியது பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி. அதுவரை "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டவர்கள், "இவரால் பைடனை ஜெயிக்க முடியுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நன்கொடை கொடுப்பவரும் அதையே கேட்பார், பத்திரிகைக்காரரும் அதையே கேட்பார். பணம் வராவிட்டால் ஆள் வைக்க முடியாது. ஆள் இல்லாவிட்டால் கணிப்பில் இறங்கும். கணிப்பில் இறங்கினால் பணம் வராது. செக்குமாடு மாதிரி சுற்று.

டிசம்பர் 3ஆம் தேதி, பணமில்லை என்று சொல்லி கமலா விலகினார். அப்போது எந்த மாநிலத்திலும் ஒரு ஓட்டுகூடப் பதிவாகவில்லை என்பதைக் கவனியுங்கள். தோற்று விலகவில்லை. தோற்பார் என்று எல்லோரும் நினைத்ததால் விலகினார்.

பொருளாதார மேதை கீன்ஸ் 1936ல் எழுதிய புத்தகத்தில் ஒரு பத்திரிகைப் போட்டியை உதாரணம் காட்டுவார். நூறு முகங்களின் படம் போட்டிருக்கும். அதில் மிக அழகான ஆறைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த வாசகர்களின் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. புத்திசாலி என்ன செய்வான்? தனக்கு அழகாகத் தெரியும் முகத்தை விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு எது அழகாகத் தெரியும் என்று யோசிப்பான். மற்றவர்களும் அதையே யோசிப்பார்கள். கடைசியில் அழகைப் பார்த்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

கீன்ஸ் சொன்னது பங்குச் சந்தையைப் பற்றி. அங்கே அது சரிதான், பரிசுக்காகத்தான் போகிறோம். ஓட்டுப் போடுகிற இடத்தில் சரியாக ஊகித்தால் என்ன பரிசு? ஒன்றுமில்லை. "நான் சொன்னவர்தான் ஜெயிச்சார்" என்று டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம். அந்த அற்ப சந்தோஷத்துக்கு நாம் கொடுக்கும் விலை, நம் சொந்த அபிப்பிராயம்.

ஆனால், விலகுவது எல்லாமே கோழைத்தனமா? அப்படிச் சொல்லிவிட்டால் அநியாயம். அதே பிரைமரியில் 2020 பிப்ரவரியில் பைடன் முதல் இரண்டு மாநிலங்களில் மண்ணைக் கவ்வினார். கடைசியில் 29ஆம் தேதி தெற்குக் கரோலினாவில் பெரிய வெற்றி. அடுத்த இரண்டே நாளில் பீட் பியூட்டிஜெஜ், ஏமி குளோபுச்சர் இருவரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். ஏறக்குறைய ஒரே கொள்கையுள்ள மூன்று பேர் ஓட்டைப் பிரித்துக்கொண்டால், வேறு கொள்கையுள்ள நாலாமவர் வந்துவிடுவார். தன் பெயரைவிடத் தன் கொள்கை முக்கியம் என்று விலகுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் வங்கி மேனேஜரும் அப்படித்தான். "யாரும் வரலைன்னா நான் பார்த்துக்கறேன்னுதான் சொன்னேன். ஆள் வந்தாச்சு, சந்தோஷம்" என்றார். உண்மையிலேயே சந்தோஷம்தான். அன்றிலிருந்து ராத்திரி நன்றாகத் தூங்குகிறார்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. ஏன் மாறினோம் என்ற காரணத்தை நாலு பேர் நடுவில் சத்தமாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது முடிவு. முடியாவிட்டால் அது நழுவல். நான் மூன்று நாள் படியில் ஏறி இறங்கியது எந்த வகை என்று நீங்களே தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

இப்போது தி.நகருக்கு வாருங்கள். ரங்கநாதன் தெரு பக்கம் வேண்டாம், மூச்சு முட்டும். திருமலைப் பிள்ளை ரோடு. காமராஜர் வாழ்ந்து, 1975 அக்டோபர் 2ல் மறைந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. ராஜாஜி வாழ்ந்த பசுல்லா ரோடும் அதே தி.நகர்தான். ஒரே பேட்டையில் இரண்டு துருவங்கள்.

1954ல் ராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து இறங்க வேண்டி வந்தது. அவருடைய புதிய கல்வித் திட்டத்தை 'குலக்கல்வி' என்று சொல்லி வெளியில் எதிர்ப்பு, கட்சிக்குள்ளும் எதிர்ப்பு. அடுத்து யார்? அதுவரை முதல்வர்களை உருவாக்குகிற இடத்தில் இருந்த காமராஜர் தானே போட்டியிட முன்வந்தார். கட்சி அமைப்பு பல வருஷமாக அவர் கையில். இன்றைய பாஷையில் சொன்னால், அவர் நின்றதுமே 'மேட்ச் முடிந்தது'.

ஆனாலும் ராஜாஜியின் ஆதரவோடு சி. சுப்பிரமணியம் எதிர்த்து நின்றார். பக்தவத்சலம் அவர் பக்கம். மார்ச் கடைசியில் சட்டமன்றக் கட்சிக்குள் ஓட்டெடுப்பு. காமராஜருக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

அந்த 41 பேரை நினைத்துப் பாருங்கள். கணக்கு தெரியாதவர்கள் இல்லை. மறுநாள் யார் முதல்வர், யாரிடம் போய்த் தொகுதிக்கு ரோடு கேட்க வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். தெரிந்தே மறுபக்கம் போட்டார்கள். அவர்கள் ஆதரித்த பக்கம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். எனக்கே ராஜாஜியின் கல்வித் திட்டத்தில் உடன்பாடு கிடையாது. ஆனால், தோற்கும் என்று தெரிந்த பக்கத்துக்கு ஓட்டுப் போட்ட அந்த நேர்மையில் எனக்கு மரியாதை உண்டு.

கதை அங்கே முடிந்திருந்தால் அது வெறும் கணக்கு. காமராஜர் எட்டே பேர் கொண்ட மந்திரிசபை அமைத்தார். அதில் தன்னை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்துக்கு இடம். பக்தவத்சலத்துக்கும் இடம். சும்மா பெயருக்கு இல்லை, நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம். எந்தக் கல்வித் திட்டத்தால் ஆட்சி மாறியதோ, அந்தக் கல்வித் துறையே தோற்றவர் கையில்! பள்ளிக்கூடங்களில் மதிய உணவு பரவியதும், ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்ததும் அந்த ஆட்சியில்தான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சுப்பிரமணியம் முன்கூட்டியே விலகியிருந்தால், காமராஜர் அவருக்கு மந்திரி பதவி கொடுத்தது பேரமாகத் தெரிந்திருக்கும். நின்று, எண்ணி, தோற்ற பிறகு கொடுத்ததால்தான் அது பெருந்தன்மை. தோற்றவர் நின்றதால்தான் ஜெயித்தவருக்கு அந்தப் பெருமையைக் காட்டவே ஒரு வாய்ப்பு கிடைத்தது.

அதே காமராஜர் பன்னிரண்டு வருஷம் கழித்து, கூட்டத்தைக் கரைக்கிற இடத்தில் இருந்தார். 1966 ஜனவரி 11ல் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். பிரதமர் நாற்காலிக்கு டெல்லியில் ஏகப்பட்ட பெயர்கள் அடிபட்டன. நந்தா, சவாண், மொரார்ஜி தேசாய்... அகில இந்தியத் தலைவராக இருந்த காமராஜர் இந்திரா காந்தியின் பக்கம் சாய்ந்தார். பல மாநில முதல்வர்கள் கூடவே சாய்ந்தார்கள். ஒவ்வொரு பெயராக உதிர்ந்தது. மொரார்ஜி மட்டும் ஒதுங்க மறுத்தார். ஓட்டெடுப்பு நடந்தே ஆக வேண்டும் என்றார். ஜனவரி 19ல் நடந்தது. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169.

தோல்விதான். ஆனால் அந்த 169 ஒரு செய்தி. மூன்றில் ஒரு பங்குக் கட்சி வேறு மாதிரி நினைக்கிறது என்று எழுத்தில் பதிவான செய்தி. 'ஏகமனதாக' என்ற வார்த்தைக்குள் அது புதைந்து போயிருக்கும். அடுத்த வருஷம் மொரார்ஜி துணைப் பிரதமர் ஆனார். 1977ல், வேறு கட்சியில், பிரதமரே ஆனார்.

எனக்கு மிகவும் பிடித்த எண்ணிக்கை இன்னும் சமீபத்தியது. ராயப்பேட்டை சத்தியமூர்த்தி பவனுக்கு வருவோம். 2022ல் காங்கிரஸ் கட்சித் தலைவர் தேர்தல். இருபத்திரண்டு வருஷம் கழித்து நடந்த உண்மையான போட்டி. சசி தரூர் நிற்பதாகச் சொல்லியிருந்தார். அசோக் கெலாட் வருவார் என்றார்கள், வரவில்லை. திக்விஜய் சிங் மனு பாரம் வாங்கிவிட்டார். செப்டம்பர் 30, மனு கொடுக்கக் கடைசி நாள். மல்லிகார்ஜுன கார்கே நுழைந்தார். திக்விஜய் சிங் நிற்கவில்லை, கார்கேயை முன்மொழிந்தார். பெரிய தலைவர்கள் எல்லோரும் கார்கே பின்னால் வரிசையில் நின்றார்கள். நம் ஊர் அடுக்குமாடிக் கதையேதான், கொஞ்சம் பெரிய மாடி.

தரூர் விலகவில்லை. அக்டோபர் முதல் வாரம் ஆதரவு கேட்டு சென்னைக்கு வந்தார். தமிழ்நாட்டில் ஓட்டுரிமை உள்ளவர்கள் எழுநூறு பேருக்கு மேல். சத்தியமூர்த்தி பவனில் அவரைப் பார்க்க வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தான் என்று மறுநாள் செய்தி.

17ஆம் தேதி நாடு முழுக்க ஓட்டுப்பதிவு. 19ஆம் தேதி எண்ணினார்கள். கார்கே 7,897. தரூர் 1,072.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு டஜன் ஒரு மாநிலத்துக் கணக்கு, 1,072 நாடு முழுக்க என்பது தெரியும். ஆனாலும் விகிதத்தைப் பாருங்கள். வெளிச்சத்தில் வந்து நின்றவர்கள் ஏறக்குறைய அறுபதில் ஒருவர்தான். ரகசியப் பெட்டிக்குள் போட்டவர்கள் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர். மனிதர்கள் அதே மனிதர்கள். யாராவது பார்க்கிறார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

தரூரையும் அடுத்த வருஷம் கட்சியின் காரியக் கமிட்டியில் சேர்த்தார் கார்கே. திருமலைப் பிள்ளை ரோட்டுப் பாடம் முழுசாக மறந்துபோகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி பெசன்ட் நகர் பேத்தியிடம் ஒரு நிமிஷம். 2024 ஜூலை 21ல் பைடன் திடீரென்று தேர்தலிலிருந்து விலகி, அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த கமலாவை ஆதரித்தார். போட்டிக்கு வரக்கூடியவர்கள் என்று பேசப்பட்ட பெரிய பெரிய கவர்னர்கள் எல்லாம் இரண்டே நாளில் அவர் பின்னால் நின்றுவிட்டார்கள். 2019ல் இன்னொருவரின் நிழலில் வாடிய செடி, 2024ல் தானே ஆலமரம். கீழே ஒரு புல்கூட இல்லை. நவம்பரில் தோற்றார். உள்கட்சிப் போட்டி இல்லாததால்தான் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் காரணம் இருக்கும். நேரமும் இல்லைதான். ஆனால் சொந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்விகளை முதல்முறையாக எதிரி கேட்கும்படி ஆகிவிட்டது. அது யாருக்கும் நல்லதில்லை, ஜெயிக்கிறவருக்கும்கூட.

சரி, சுற்றி வந்தாயிற்று. டீச்சரின் கேள்விக்கு வருவோம்.

பெரிய ஆள் ஒருவர் போட்டிக்கு வருவதில் தப்பே இல்லை. அவருக்கும் உரிமை உண்டு, பல சமயம் அவரே தகுதியானவராகவும் இருப்பார். எங்கள் இன்ஜினீயர் சார் லிஃப்ட்டை ஒரே வாரத்தில் ஓட வைத்துவிட்டார், மறைக்கக் கூடாது. அவருக்கு யோசித்து ஓட்டுப் போட்டவர்கள் அந்த 31ல் நிச்சயம் இருந்திருப்பார்கள். தப்பு, யோசிக்காமல் போட்ட என்னைப் போன்றவர்களிடம். 'யார் நல்லவர்' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். 'யார் ஜெயிப்பார்' என்ற கேள்விக்குக் கை தூக்கிவிட்டு இறங்கினேன். நடுவில் கேள்வி மாறியது எனக்கே தெரியவில்லை.

இது அசோசியேஷனோடு நிற்கிற வியாதி இல்லை. ஆபீஸில் பெரியவர் ஒருவர் வாய் திறந்ததும் நம் யோசனையை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறோமே, அது இதுதான். கல்யாணப் பேச்சில் பணக்கார மாமா ஒரு வரனைச் சொன்னதும் பெண்ணுக்குப் பிடித்த பையனைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் விடுகிறோமே, அதுவும் இதுதான். யாரும் நம்மை மிரட்டுவதில்லை. நாமே முந்திக்கொண்டு மாறுகிறோம்.

ரகசிய ஓட்டு வைத்தால் சரியாகிவிடுமா? பாதி சரியாகும். அடுத்த தேர்தலுக்கு ஒரு பிஸ்கட் டப்பாவில் ஓட்டைப் போட்டுச் சீட்டு முறை கொண்டு வரலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்ஜினீயர் சார் உடனே ஒப்புக்கொண்டார். மீதிப் பாதிக்கு டப்பா உதவாது. யாரும் பார்க்காவிட்டாலும் 'ஜெயிக்கிற கட்சி'யில் இருக்க ஆசைப்படுகிற ஒருவன் உள்ளே இருக்கிறான். அவனை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று சாயந்திரம் இரண்டாவது மாடிக்குப் போய் மணி அடித்தேன். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தப் பதினாலில் நானும் ஒருத்தன். ஆறில் நான் இல்லை."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க லிஸ்ட்ல ஒரு தப்பும் இல்லை. நாலாவது மாடிக்காரர் நிக்கறார்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் நான் லிஸ்டைப் பிரிச்சே பார்க்கலை. அதான் காரணம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் அந்த நாலு பக்கத்தின் ஒரு காப்பியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

"மூணாவது பக்கம், மழைநீர்க் குழி. ஐப்பசிக்குள்ள தூர் வாரணும். உங்க இன்ஜினீயர் சார்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா, தோத்தவ குறை சொல்றாம்பாங்க."

வாங்கிக்கொண்டு நேராக நாலாவது மாடிக்கு ஏறினேன். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் படியில்தான் போனேன். இந்தத் தடவை யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்வதற்காக இல்லை.